மட் எழுதுவது வார இறுதி வேலையா?

கேள்வி, அக்டோபர் 5, 2024
பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும், திரையில் எழுத்து மட்டுமே ஓடும் பழைய மட் (MUD) ஆட்டங்களைப் பற்றி இங்கே எல்லோரும் ரொம்பப் பெருமையாகப் பேசுகிறீர்கள். நான் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. சனி, ஞாயிறு உட்கார்ந்தால் பைத்தானில் ஒரு மட் எழுதிவிடலாம். பத்து ரூம், ஒரு சாட், கொஞ்சம் சண்டை. இதில் என்ன பெரிய வித்தை? இத்தனை வருடம் அவர்கள் என்னதான் செய்தார்கள்?

அக்டோபர் 5, 2024, இரவு 11:20
எழுதிவிடலாம் தம்பி. எவென்னியா என்று பைத்தானிலேயே மட் கட்டும் கருவி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கினால் சனிக்கிழமை மதியத்துக்குள் உங்கள் ரூமில் நீங்களே நடமாடலாம். ஞாயிறு இரவு நண்பர்கள் நாலு பேர் வருவார்கள். திங்கட்கிழமை காலையில் ஒருவனுடைய வாள் காணாமல் போகும். அதைத் தேடித் தருவது யார்? அடுத்த மாதம் யார், பத்து வருடம் கழித்து யார்? மட் ஆட்களின் வேலை அந்தத் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 6, 2024, காலை 8:05
முதல் மட்டின் கதையே கைமாறிய கதைதான். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா அதைத் தொடங்கினார். பிடிபி-10 கணினி, அசெம்பிளி மொழி. அது கைக்கு அடங்காமல் வளர்ந்ததும் பிசிபிஎல் மொழியில் திரும்ப எழுத ஆரம்பித்தார். 1980-இல் படிப்பு முடியும் நேரத்தில் ரிச்சர்ட் பார்ட்டிலிடம் ஒப்படைத்தார். பார்ட்டில் அதை முடித்து, அந்த உலகத்தின் பெரும்பகுதியையும் கட்டி, வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டார். வெளியாட்கள் நள்ளிரவு தாண்டிக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் போன் வழியாக உள்ளே வந்து ஆடினார்கள்.

அங்கே ஆடியவர்களில் ஒருவர் ஆலன் காக்ஸ். 1987-இல் வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில் அபெர்மட் எழுதினார். பிற்பாடு லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் பெயர் வாங்கிய அதே ஆலன் காக்ஸ்தான். 1989-இல் ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷ்யோ எல்பிமட் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்தது இவர் செய்த காரியம். தன்னால் நல்ல சாகசக் கதை கட்ட முடியாது, மற்றவர்கள் கட்டுவார்கள் என்று நினைத்தார். அதனால் எல்பிசி என்று ஒரு மொழியை உள்ளேயே வைத்து, ஆடித் தேறியவர்களுக்கு விஸார்ட் பதவியோடு நிரல் எழுதும் உரிமையையும் கொடுத்துவிட்டார். ஆட்டத்தை முடித்தவனே அடுத்த ஆட்டத்தை எழுதத் தொடங்கினான்.

அப்புறம் டிக்கு மட். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஐந்து மாணவர்கள்: செபாஸ்டியன் ஹாமர், மைக்கேல் சைஃபர்ட், ஹான்ஸ் ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட், டாம் மேட்சன், கட்யா நைபோ. 1991-இல் வெளியிட்டார்கள். நம்மில் பாதிப் பேர் ஆடியது இதன் பேரப்பிள்ளைகளைத்தான்.

அக்டோபர் 6, 2024, மதியம் 1:40
லைசென்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. டிக்கு லைசென்ஸ் ரொம்பச் சின்னது. இதை வைத்துக் காசு பண்ணக் கூடாது, எங்கள் ஐந்து பேர் பெயரும் ஆட்டத்தில் தெரிய வேண்டும், நடத்த ஆரம்பித்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அவ்வளவுதான். 2020-இல்தான் அவர்களே எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்துக்கு மாற்றினார்கள். இடையில் எவர்குவெஸ்ட் என்ற படம் போட்ட இணைய ஆட்டம் வந்தபோது, அது டிக்குவின் கோடிலிருந்து, அதாவது நிரலிலிருந்து, வந்ததா என்று சந்தேகம் கிளம்பியது. இல்லை என்று அந்த நிறுவனத்தினர் சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்தார்கள். சாயல் அவ்வளவு தூரம் இருந்தது.

ஐந்து பேர் பெயர் நிலைத்துவிட்டது, நியாயம். ஆனால் அந்த நிரலை எடுத்து ஊர் ஊராக நடத்தியவர்களை யாருக்கும் தெரியாது. இந்த இழையில் நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

அக்டோபர் 8, 2024, இரவு 10:15
என் கதை. அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-இல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சென்னை முதல் வரிசையிலேயே இருந்தது. படம் எதுவும் தெரியாத ஷெல் கணக்கு மலிவாகக் கிடைக்கும். மாமா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. கருப்புத் திரை, தொலைவில் இருக்கும் கணினியோடு எழுத்தால் இணைக்கும் டெல்நெட், ஒரு முகவரி, 4000 என்று ஒரு போர்ட் எண். படம் இல்லை என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. எல்லோருக்கும் ஒரே எழுத்துதானே. அமெரிக்காவில் நல்ல கணினி வைத்திருந்தவனுக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது. லேக், அதாவது இணைப்பின் தாமதம், மட்டும் கொல்லும். தப்பி ஓடு என்று தட்டி, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பூதம் என்னை முடித்திருக்கும்.

சண்டையில் தேறாத நான் நிர்வாகத்துக்குள் போனது நேர வித்தியாசத்தால். கோடைக் காலத்தில் இங்கே காலை 7 மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 9:30. ஆட்டம் களைகட்டும் நேரம். நமக்கு மத்தியானம் ஆகும்போது அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் சர்வர் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. புதிதாக வந்தவனை ஒருவன் துரத்தித் துரத்திக் கொன்றால் கேட்க ஆள் இல்லை. "நீ விழித்திருப்பாயே" என்று சொல்லி என்னை இம்மார்ட்டல், அதாவது ஆட்டத்தின் நிர்வாகி, ஆக்கினார்கள். திறமைக்குக் கொடுத்த பதவி என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா ஆட்களுக்கும் இப்படித்தான் பதவி வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஒரு ஆட்டத்தைச் சம்பளமில்லாமல் நடத்த வேண்டுமானால் பூமி உருண்டையாக இருப்பது ரொம்ப உதவி.

அக்டோபர் 9, 2024, இரவு 9:50
பில்டர், அதாவது ஆட்டத்தின் ரூம்களைக் கட்டுபவர், என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிக்கு வம்சத்தில் ஒரு ரூம் என்பது வெறும் எழுத்துக் கோப்பின் ஒரு துண்டு. முதலில் எண். அடுத்து ரூமின் பெயர், முடிவில் ~ குறி. பிறகு வர்ணனை. அது முடிந்ததும் தனி வரியில் மறுபடி ~. அதன் கீழ் ரூமின் தன்மையைச் சொல்லும் எண்கள். பிறகு வாசல்கள்: 0 வடக்கு, 1 கிழக்கு, 2 தெற்கு, 3 மேற்கு, 4 மேலே, 5 கீழே. அந்த ~ ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? வர்ணனை இன்னும் முடியவில்லை என்று நினைத்து, அடுத்த ரூமின் எண், பெயர், வாசல் எல்லாவற்றையும் சர்வர் வர்ணனைக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு போகும். எங்கேயோ தள்ளி ஓரிடத்தில் திணறி நிற்கும். பிழைச் செய்தி அந்த இடத்தைத்தான் காட்டும், ஓட்டை மேலே இருக்கும். உலகமே எழுந்திருக்காது. விடிகாலையில் கோப்பை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து அந்த வளைகுறியைக் கண்டுபிடிப்பவர்தான் பில்டர். பிற்பாடு ஆட்டத்துக்குள் இருந்தபடியே ரூம் கட்டும் வசதி வந்தது, தலைவலி குறைந்தது.

இப்போது அந்தத் திங்கட்கிழமை வாளுக்கு வருகிறேன். பழைய மட்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளேயருக்கும் தனிக் கோப்பு. எல்லாரையும் ஒரே நொடியில் சேமிப்பதில்லை. நான் வாளை உங்களிடம் கொடுக்கிறேன். உங்கள் கோப்பு சேமிக்கப்படுகிறது. என் கோப்பு சேமிக்கப்படுவதற்குள் சர்வர் விழுகிறது. மறுபடி எழுந்ததும் உங்களிடம் ஒரு வாள், பழைய கோப்பின்படி என்னிடமும் ஒரு வாள். இதைத் தெரிந்துகொண்டவன் வேண்டுமென்றே சர்வரை விழ வைக்க வழி தேடுவான். தலைகீழாக நடந்தால் வாள் இருவரிடமும் இருக்காது. அழுதுகொண்டு வருபவன் உண்மையிலேயே இழந்தவனா, இல்லை நம்மைச் சோதிக்கிறவனா? நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைப் பார்த்து, அவன் பழைய நடத்தையைப் பார்த்து, ஒரு முடிவு சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் ஒருவர் கோபித்துக்கொள்வார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்களுக்கு இந்த வேலை உடனே பிடிபடும்.

அக்டோபர் 11, 2024, மாலை 6:30
ஆயுத பூஜைக்குச் சர்வருக்குப் பொட்டு வைத்தீர்களா என்று கேட்ட நண்பருக்கு: இப்போது நாங்கள் நடத்தும் மட்டின் சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது. வீட்டு மோடத்துக்கு வைத்தாயிற்று, பொரிகடலையும் படைத்தாயிற்று.

அக்டோபர் 12, 2024, காலை 9:10
"விதிகளை எழுதி ஒட்டிவிட்டால் போதாதா, தினமும் என்ன பஞ்சாயத்து?" என்கிறார் பெரம்பூர் நண்பர். இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள் சார்.

லாம்டாமூ என்ற மட், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்தியது. யார் வேண்டுமானாலும் ரூமும் பொருளும் உருவாக்கலாம். கூட்டம் கூடக்கூட வழக்குகளும் கூடின. 1992 டிசம்பரில் விஸார்ட்கள் ஒரு அறிவிப்பு போட்டார்கள்: இனி நாங்கள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறோம், சமூகத் தகராறுகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். 1993-இல் ஒருவன் மற்றவர்களின் கதாபாத்திரங்களைத் தன் நிரலால் ஆட்டிவைத்து, எல்லோர் கண்முன்னும் கேவலமான பாலியல் வன்முறையை எழுத்தில் நடத்தினான். எழுத்துதானே என்று பாதிக்கப்பட்டவர்களால் விட முடியவில்லை, விட வேண்டியதும் இல்லை. ஊரே கூடிப் பேசியது, முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் ஒரு விஸார்ட் தானாக அவனை நீக்கினார். அதன் பிறகு மனு, வாக்கெடுப்பு என்று முறை கொண்டுவந்தார்கள். 1996-இல் விஸார்ட்கள் மறுபடி அறிவித்தார்கள்: எங்களால் ஒதுங்கி நிற்க முடியாது, பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

அந்த விஸார்ட்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதிகாரத்தை மனதார விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். சர்வரின் சாவி ஒருவர் கையில் இருக்கும்வரை, அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. நான் இம்மார்ட்டலாக இருந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்களைப் பற்றி இன்னமும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 15, 2024, மதியம் 3:00
நேற்றிரவிலிருந்து விடாத மழை. வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். கரண்ட் இல்லை, போனில் தட்டுகிறேன். எங்கள் மட்டில் உள்ளூர் ஆட்கள் நாலைந்து பேர் காலையிலிருந்து ஆடாமல் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போதும் டெல்நெட் ஓடுகிறது.

அக்டோபர் 16, 2024, இரவு 10:40
கரண்ட் வந்துவிட்டது. நேற்று அந்தச் சாட்டை ஒருங்கிணைத்தவர் பார்வையற்ற நண்பர், வங்கி ஊழியர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்று மட்களைத் தாங்கி நிற்பவர்களில் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் கணிசமானவர்கள். எல்லாம் எழுத்து என்பதால் திரை படிக்கும் மென்பொருள் அப்படியே வாசித்துவிடும். என்விடிஏ என்று இலவசமாக ஒன்று 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவரே தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டி எடுக்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் இவர்களால் உள்ளேயே நுழைய முடியாது.

ஆனால் எழுத்தாக இருந்தால் மட்டும் போதாது என்பதை இவர்தான் எனக்குக் காது வழியாகக் காட்டினார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் தந்து எங்கள் வரவேற்புத் திரையைக் கேட்கச் சொன்னார். நட்சத்திரக் குறிகளால் நாங்கள் ஆசையாக வரைந்திருந்த கோபுரம், "ஸ்டார் ஸ்டார் ஸ்டார்" என்று முடிவே இல்லாமல் வந்தது. சண்டையில் ஒவ்வொரு அடிக்கும் உயிர், மந்திர சக்தி, நடைச் சக்தி என்று மூன்று எண்களும் மறுபடி மறுபடி. யார் அடித்தார் என்ற வரி அதற்குள் மூழ்கிப் போயிற்று. கோபுரத்தைத் தூக்கினோம். எண்கள் மாறினால் மட்டும் சொல்லும்படி செய்தோம். வரைபடத்துக்குப் பதில் "கிழக்கே இரண்டு அடி தள்ளி ஓநாய்" என்று வாக்கியமாக்கினோம். கண் தெரிந்தவர்களும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

புதியவர்கள் சானலை இன்று நடத்துவது அவர்தான். மட்டைத் தாங்குபவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். கோடில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. புதிதாக ஒருவன் வந்து வடக்கே எப்படிப் போவது என்று கேட்டால், எத்தனாவது முறை கேட்டாலும் முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்வார்.

அக்டோபர் 19, 2024, இரவு 11:30
தமிழில் ஒரு மட் வேண்டும் என்று தம்பி கிளம்பியிருக்கிறார். பழைய டிக்கு வம்சக் கோடு ஒன்றையே எடுத்துக்கொண்டிருக்கிறார். "யூனிகோட் போட்டால் முடிந்தது" என்கிறார். முடியாது தம்பி.

ஒன்று, அந்தக் கோடில் உள்ளீட்டை வாங்கும் இடத்தில் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாததை எல்லாம் வடிகட்டும் ஒரு நிபந்தனை இருக்கும். தமிழில் தட்டினால் சர்வருக்கு வெற்று வரிதான் போகும். அதை எடுத்துவிட்டால் அடுத்தது நீளம். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'கோ' என்பது மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு. 256 பைட்டில் வரியை வெட்டும் கோடு, எழுத்தின் நடுவிலேயே வெட்டும். வரிக் கடைசியில் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நிற்கும்.

மூன்றாவதுதான் வேலை வாங்கும். டிக்கு முதல் சொல்லைக் கட்டளையாக எடுக்கும். நாம் "பையிலிருந்து ரொட்டியை எடு" என்போம், கட்டளை கடைசியில். அதாவது பரவாயில்லை, கடைசிச் சொல்லைப் பார் என்று மாற்றலாம். ஆனால் பொருளின் பெயர் 'மரம்', ஆடுபவர் தட்டுவது 'மரத்தை'. 'வீடு', தட்டுவது 'வீட்டை'. பழைய கோடு, நீங்கள் தட்டியது பொருளின் பெயருக்கு முன்பகுதியா என்று பார்க்கும். இதைத் தலைகீழாக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'மரம்', 'மரத்' என்று இரண்டு வடிவமும் கொடுத்துவிட்டு, அந்த வடிவம் தட்டிய சொல்லின் முன்பகுதியாக வருகிறதா என்று பாருங்கள். உருபு எதுவானாலும் பிடித்துவிடும். முழு இலக்கண ஆய்வுக் கருவி தேவையில்லை.

அக்டோபர் 20, 2024, காலை 10:00
ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். மூன்றாவதுதான் வேலை வாங்கும் என்றது பாதி சரி. அதை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். படிக்கத் தகுந்த முந்நூறு ரூம் எழுத ஒரு வருடம் ஆகும். தம்பி காசிமேட்டைக் கட்டி மாதிரி அனுப்பியிருக்கிறார்:

"நீ காசிமேடு ஏலக்கூடத்துக்குள் ஆச்சரியத்தோடு நுழைகிறாய். ஒரு பூனை மீனைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஏலக்காரர் உன்னை முறைக்கிறார். எங்கும் மீன் வாசனை."

ஆர்வம் இருக்கிறது. ஆனால் இந்த எழுத்து, ஒருவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் திரையில் வரும். அந்தப் பூனை ஆயிரம் முறை ஓடும். ஏலக்காரரை ஒருவன் கொன்றுவிட்டால் செத்தபிறகும் முறைப்பார். ஆச்சரியப்படுவதா வேண்டாமா என்பது ஆடுபவர் பாடு, அதை நாம் சொல்லக் கூடாது. பூனையும் ஏலக்காரரும் நடமாடும் பாத்திரங்களாகத் தனியே வரட்டும். ரூமில் அசையாதது மட்டும் இருக்கட்டும். நான் இப்படி மாற்றுவேன்:

"கூரைக்கு அடியில் சிமென்ட் தரை எப்போதும் ஈரம். சுவரோரம் நீலக் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. தரையில் சிந்திய ஐஸ் உப்புநீரோடு கலந்து வாய்க்காலில் இறங்குகிறது. கிழக்கே விசைப்படகுகளின் கொடிகள் தெரிகின்றன. மேற்கே சாலை."

வாய்க்கால் என்று எழுதியாயிற்று அல்லவா, ஆடுபவர் "வாய்க்காலைப் பார்" என்று தட்டுவார். அதற்கும் ஒரு வர்ணனை வேண்டும். இல்லாவிட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்லும், அந்த இடத்தில் உலகம் உடைந்துவிடும். நல்ல பில்டர் தான் எழுதிய ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பொறுப்பு. டிக்குவிலிருந்து கிளைத்த மெர்க் வம்ச மட்களில், ஏரியாப் பட்டியலை (ரூம்களின் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரு ஏரியா) கேட்டால் ஒவ்வொரு ஏரியாவுக்கும் எழுதியவர் பெயர் வரும். எனக்குத் தெரிந்து அவர்களுக்குக் கிடைத்த ஒரே கூலி அதுதான்.

அக்டோபர் 26, 2024, இரவு 9:20
பணம் பற்றி. வாடகை சர்வர் பெரிய செலவில்லை, மட்டுக்குச் சின்ன இயந்திரம் போதும். 1997-இல் தொடங்கிய அக்கேயா போல, ஆட்டத்துக்குள் பொருட்களை விற்றுத் தொழிலாகவே நடத்துபவர்கள் உண்டு. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அங்கே வேலை செய்பவர்களுக்குச் சம்பளமாவது வருகிறது. மற்றபடி பெரும்பாலானவர்கள் கைக்காசு போடுகிறார்கள்.

நான் பார்த்த மட்கள் மூடியது பணத்தாலும் இல்லை, ஆள் குறைந்ததாலும் இல்லை. நடத்துபவருக்குக் குழந்தை பிறக்கும், வேலை மாறும், உடம்புக்கு முடியாமல் போகும். டொமைனைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் அவர் பார்க்காத பெட்டிக்குப் போகும். சர்வரின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும். நான் மத்தியானக் காவல் பார்த்த அந்த முதல் மட் அப்படித்தான் ஒருநாள் இணைப்பே கிடைக்காமல் போயிற்று. பல வருடமாக நாங்கள் எழுதிய ஏரியாக்களில் என் கணினியில் இருந்த சில கோப்புகள் மட்டும் தப்பின. எல்லோருக்கும் அவர்மேல் கோபம். எனக்கு இல்லை. அத்தனை காலம் தனியாகத் தூக்கியிருக்கிறார், யாரும் பாதியை வாங்கிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் தம்பிக்குச் சொல்வது: முதல் ரூம் எழுதும் முன் இரண்டாவது ஆளைப் பிடியுங்கள். பாஸ்வேர்ட், டொமைன் கணக்கு, தினசரி பேக்கப் எங்கே போகிறது, எல்லாம் அவருக்கும் தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறு இயந்திரத்தில் ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

நவம்பர் 2, 2024, மாலை 5:45
தீபாவளி முடிந்து எல்லோரும் திரும்பியிருப்பீர்கள். நிலவரம்: வடிகட்டும் வரியைத் தம்பி எடுத்துவிட்டார், தமிழ் உள்ளே போகிறது. வெட்டும் இடத்தில் எழுத்தின் எல்லைவரை பின்னால் நகர்ந்து வெட்டும்படி மாற்றியிருக்கிறார், கேள்விக்குறி வரவில்லை. 'ஆற்றை' இன்னும் 'ஆறு' ஆகவில்லை, பட்டியலில் 'ஆற்' சேர்த்தால் வந்துவிடும். காசிமேடு முடிந்து ராயபுரம் ஸ்டேஷன் பாதி கட்டியாயிற்று. வங்கி நண்பர் எல்லா ரூமையும் கேட்டுப் பார்த்துவிட்டு, வர்ணனை நாலு வரியைத் தாண்டினால் கேட்பவருக்குச் சலிக்கிறது என்றார். சுருக்கிக்கொண்டிருக்கிறோம். சாவியின் இரண்டாவது பிரதியைப் பெரம்பூர் நண்பர் வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக ஒருவர் வேண்டும். கோடு தெரிய வேண்டியதில்லை, மத்தியானம் இரண்டு மணிக்குப் போனை எடுப்பவராக இருந்தால் போதும்.